மடக்கிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

என் அக்காவின் வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் முதலில் அதை மடக்கிப் பார்ப்பார். குடையை மடக்கிப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்வதுதான். இவர் செருப்பை மடக்கிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியைக் கடைக்காரர் முகம் கோணுகிற வரைக்கும் மடக்கி மடக்கி விரிப்பார். ஒரு தடவை பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனோம். இவர் குழந்தையைத் தள்ளுவண்டியிலிருந்து எடுத்து அதன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அந்த வண்டியை மடக்கிக் காட்டினார். குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காதான் மறுநாள் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

அத்தானைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. கீழே டவுனில் மடக்குச் சாமான் மட்டுமே விற்கிற கடை ஒன்று இருக்கிறது. மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, துணி காயப்போடுகிற மடக்கு ஸ்டாண்டு. மீசை முளைக்கிற வயதில் அங்கே கட்டில் சுமக்கப் போனவர், இன்றைக்கு அந்தக் கடையின் தலைமை விற்பனையாளர். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் அவர் கட்டிலைப் பற்றிப் பேசவே மாட்டார். வெயிலைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரிப்பார். பேச்சு பேச்சாக இருக்கும்போதே இடது கை மட்டும் கட்டில் பக்கம் போகும். டக் என்று ஒரு சத்தம். ஒரு ஆள் படுக்கிற கட்டில் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும். வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு பில் போடச் சொல்லிவிடுவார். படுத்துப் பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அத்தான் காதில் வாங்க மாட்டார்.

வீட்டிலும் இதே கூத்துதான். சாப்பாட்டு மேசை மடங்கும், இஸ்திரி மேசை மடங்கும், நான் படுக்கிற கட்டில் நான் படுத்திருக்கும்போதே மடங்கும். சில நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று அந்த வீட்டுக்கு வந்தவள் நான். மலையிலேயே மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடுகிற வேலை கிடைத்துவிட்டதால் அப்படியே ஒட்டிக்கொண்டேன். அத்தான் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. அக்கா டவுனில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப்பில் இருக்கிறாள். அவள் மனுஷர்களுக்குக் குத்துகிறாள், நான் மாடுகளுக்குக் குத்துகிறேன். மாடுகள் அவ்வளவாகக் கத்துவதில்லை.

வீடு மலைமேல் கடைசி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மழை பெய்தால் பேச்சே கேட்காத தகரக் கூரை. வாசலில் நின்றால் ரோடு வளைந்து வளைந்து கீழே பஸ் நிறுத்தம் வரைக்கும் போவது தெரியும். அந்த வீட்டின் மேல் அத்தானுக்கு உயிர். நாள் முழுக்கக் கடையில் டக் டக் என்று கேட்ட காதுக்கு அங்கே போனால்தான் அமைதி என்பார். ஞாயிற்றுக்கிழமை பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பார். அதை அவர் ஒரு வேலை போலச் செய்வார்.

கடை முதலாளி தன் டெலிவரி வேனை விற்றதிலிருந்து வந்தது வினை. அதுவரைக்கும் வேன்காரர் காலையில் மேலே வந்து அத்தானையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். வேன் போனதும் இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டியதாயிற்று. அக்காவுக்கு முட்டிவலி. ஏறும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடுவாள். இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் உயிர் வரும். லேப்புக்கு எதிரிலேயே லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கே போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். முட்டிவலிக்காரிக்கு அது ஒன்றுதான் நிற்க வசதியான கால் என்று நான் சொல்லப்போய், என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அத்தான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மடக்குச் சைக்கிள். காலையில் சைக்கிளில் இறங்கி, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, டவுனில் விரித்துக் கடைக்குப் போய்விடலாம். சாயங்காலம் அதே மாதிரி திரும்பலாம். தனக்கு ஒன்று சரிப்பட்டு வந்தால் அக்காவுக்கும் ஒன்று வாங்கித் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் பொண்டாட்டியுமாக மலைப்பாதைகளில் ஜாலியாகச் சுற்றலாம். கல்யாணம் ஆனதிலிருந்து ஜன்னலைத் தவிர வேறு எங்கேயும் அவர் சுற்றாததால், ஜாலி என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு கெடு வைத்தாள். மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பாள். அதற்குள் அந்தச் சைக்கிள் உருப்படியாக வேலை செய்தால் மலைவீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் போய் லிஃப்ட் வீட்டுச் சாவியை வாங்கிவிடுவாள். அத்தான் சரி என்று தலையாட்டினார். மடக்குகிற விஷயத்தில் தான் தோற்க முடியாது என்ற தைரியம்.

சைக்கிள் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரம்மா கையில் கிரீஸோடு வந்து நன்றாகத்தான் விசாரித்தார். ரோடு எப்படி, ஏற்றம் எவ்வளவு, ஜல்லி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு மூன்று வண்டிகளைக் காட்டினார். முதல் வண்டிக்குக் கியர் இருந்தது, சக்கரமும் கொஞ்சம் பெரியது. மலைக்கு இதுதான் என்று அடித்துச் சொன்னார். ஆனால் அதை மடக்க முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கிளிப்பைத் தளர்த்தி, பெடலை வேறு தனியாகத் திருப்ப வேண்டும். அத்தான் கசாயம் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டாவது மோட்டார் வைத்தது. மலையேறும், ஆனால் அதைப் பஸ்ஸில் ஏற்ற இன்னொரு அத்தான் வேண்டும்.

மூன்றாவது ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சக்கரம், கியர் கிடையாது. சமதரையில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் வாங்குவது என்று கடைக்காரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தானின் இடது கை அதன் பக்கம் போய்விட்டது. நடுவில் ஒரு தட்டு, பின்சக்கரம் உள்ளே போயிற்று, கைப்பிடி தானாகக் கவிழ்ந்தது. டக். சைக்கிள் இருந்த இடத்தில் ஒரு மூட்டை இருந்தது. அத்தானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தன் கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிக் கலங்கி நான் பார்க்கவில்லை.

"இது மலைக்கு ஆகாதுங்க. பிரேக்கு நல்ல பிரேக்கு, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா ஏத்தத்துல நெஞ்சு வெளிய வந்துடும்" என்றார் கடைக்காரம்மா.

அத்தான் அதை விரித்தார். மடக்கினார். மறுபடியும் விரித்தார்.

"ஒரு ரவுண்டாவது ஓட்டிப் பாருங்க."

"வேணாங்க. அதான் பார்த்துட்டேனே."

எனக்குப் பொறுக்கவில்லை. ஏறியாவது உட்காருங்கள் அத்தான் என்றேன். தங்கள் கடையில் யாராவது படுத்துப் பார்த்துவிட்டா கட்டில் வாங்குகிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதனால்தான் பாதிக் கட்டில் திரும்பி வருகிறது என்றேன். அவர் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

முதல் நாள் காலை நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று வழியனுப்பினோம். அத்தான் ஆள் கொஞ்சம் வாட்டசாட்டம். அந்தச் சின்ன வண்டிமேல் ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் இருக்கிற இடமே தெரியவில்லை, மனுஷர் சும்மா காற்றில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறார் என்றுதான் தோன்றியது. முதல் வளைவு வரைக்கும் போனார். அங்கே ஜல்லி. சக்கரம் உதறியது, கைப்பிடி உதறியது, கீழ்த்தாடை உதறியது. இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று மேலே பார்த்தார். நாங்களும் அக்கம்பக்கத்து இரண்டு வீட்டு ஆட்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். டக் என்று மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினார். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் காலையிலும் அவர்மேல்தான் இறங்கியது, சாயங்காலமும் அவர்மேல்தான் ஏறியது.

பஸ்ஸில் நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். இது என்ன மூட்டை என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். அத்தானிடம் அப்படிக் கேட்கலாமா? ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே விரித்துக் காட்டியிருக்கிறார். முன்சக்கரம் ஒரு அம்மாவின் கூடைக்குள் போய்விட்டது, கைப்பிடி ஒரு பெரியவரின் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பஸ்ஸை நிறுத்தி, பெரியவரைப் பிரித்து எடுத்தபிறகுதான் கிளம்ப முடிந்தது. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து பஸ் நிறுத்தத்தில் அவருக்காக ஒரு கூட்டம் காத்திருக்க ஆரம்பித்தது. இன்னொரு தடவை காட்டுங்கள் சார் என்று யாராவது சொன்னால் போதும், எதிரில் பஸ் வந்து நின்று கிளம்பிப் போவதுகூட அத்தானுக்குத் தெரியாது. சைக்கிள் வாங்கிய பிறகுதான் மனுஷர் கடைக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தார்.

சாயங்காலம் இதைவிட மோசம். இரண்டு கையாலும் சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் மலையேறி வருவார். அவருடைய பை, சாப்பாட்டு டப்பா, குடை எல்லாவற்றையும் அக்கா தூக்கிக்கொண்டு பக்கத்தில் வருவாள். புருஷன் சைக்கிள் வாங்கியதால் பொண்டாட்டிக்குச் சுமை கூடிப்போன கதையை வேறு எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? அக்கா வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே காலண்டரைப் பார்ப்பாள்.

ஒருநாள் நானே பிடித்து வைத்து, வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் ஓட்டச் சொன்னேன். மாட்டைப் பிடிக்கிற கை, அவரால் தப்ப முடியவில்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தார். கழுத்து நரம்பு புடைக்க மிதித்தார். சைக்கிள் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாகப் பின்னால் வந்தது. அத்தான் இறங்கினார், டக் என்று மடக்கினார், மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தார். மடங்குவதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது!

மாதக் கடைசி நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, நான் தப்பான வண்டியை வாங்கிட்டேன் இல்ல?"

"ஆமா அத்தான்."

இதைவிட மெதுவாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் கொஞ்சம் அப்படித்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றார். காலையில் அவள் ஒவ்வொரு அடியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே முன்னால் போக வெட்கமாக இருக்கிறதாம், அதனால்தான் மெதுவாக நடக்கிறாராம். சாவி வாங்கும்போது தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அப்படி வைத்துக்கொண்டால் நான் அவரைக் கிள்ளிவிட வேண்டும் என்றார். பிறகு பின்பக்க ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தார். சரியான வண்டியை அன்றைக்கே அவர் கையில் திணித்திருக்கலாமே என்று எனக்குக் கடைக்காரம்மாமேல்கூடக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்ட் வீட்டின் சொந்தக்காரர் சாவியோடு காத்திருப்பதாகப் போன் வந்துவிட்டது. ஞாயிறன்று காலையில் ஒரே ஒரு பஸ்தான். அக்கா அரக்கப்பரக்கக் கிளம்பினாள். அன்றைக்கென்று பார்த்து முட்டி வீங்கியிருந்தது. வாசல்வரைக்கும் வந்தவள் கீழே ரோட்டைப் பார்த்தாள். அடிவாரத்து வளைவில் பஸ் வருவது தெரிந்தது. நடந்து போனால் நிச்சயம் கிடைக்காது.

"போய்ச் சாவியை வாங்கிட்டு வாம்மா. நான் சாமானெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்றார் அத்தான். முகம் கோணவில்லை. கிள்ளுவதற்குத் தயாராக நின்ற எனக்கு வேலை வைக்கவில்லை. ஆனால் குரல் சரியில்லை.

அக்கா அவரைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த சைக்கிளைப் பார்த்தாள். அதை விரியுங்கள் என்றாள்.

விரி என்று சொன்னால் அவர் கை கேள்வி கேட்காது. டக் என்று விரித்துக் கொடுத்த பிறகுதான் எதற்கு என்றே அவருக்குப் புரிந்தது. அதற்குள் அக்கா ஏறிவிட்டாள். பள்ளிக்கூடத்து நாட்களுக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அத்தான் சீட்டைப் பிடிக்கப் போனார், கையில் காற்றுதான் கிடைத்தது.

அக்கா ஒல்லி. அவளுக்கு அந்த வண்டி அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முதல் வளைவில் ஜல்லி வந்தது. ஐயோ என்று அவள் கத்தியது மேலே கேட்டது, பிறகு ஆளைக் காணோம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த வளைவில் தலை தெரிந்தது, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து அகல விரித்துக்கொண்டு போனாள். இன்னொரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்றார் அத்தான். அவருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒற்றையடிப் பாதையில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினோம். அத்தானுக்கு ஒரு செருப்பு போயிற்று, எனக்கு ஒரு முழங்கை போயிற்று. என் பெண்டாட்டியை நானே விரித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேனே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

கீழே பஸ் நிறுத்தத்தில் அக்கா சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தாள், ஒரு கால் தரையில். தலைமுடி அவிழ்ந்து எந்தப் பக்கம் முகம் என்று தெரியாமல் கிடந்தது. எதிரில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார். அவள் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை. விசில் அடித்துவிட்டுப் பஸ் போய்விட்டது.

அத்தான் ஓடி வந்து அவள் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அடிபட்டதா என்று கேட்டார். அக்கா முடியை விலக்கினாள். வாய் காது வரைக்கும் இருந்தது. எங்கள் அக்கா அப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. மேலே கேட்டது அழுகை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"தூக்குங்க" என்றாள் அவரிடம்.

"எதை?"

"சைக்கிளைத்தான். மேல கொண்டு போங்க. இன்னொரு தடவை வரணும்."

அத்தான் மடக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டு ஏறினாள். ஜல்லியில் எப்படி உதறியது, மூன்றாவது வளைவில் ஒரு நாய் எப்படிக் கூடவே ஓடி வந்தது, பிரேக்கைப் பிடித்தால் எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிறது, எல்லாம். அத்தானுக்கு இதில் எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. அவருடைய சைக்கிளைப் பற்றி அவருக்கே புதுச் செய்தி. ஆனாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தார்.

மேலே போனதும் விரித்துக் கொடுத்தார். அக்கா மறுபடியும் இறங்கினாள், அவர் மறுபடியும் போய்த் தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டாம் தடவை பாதி ஏறியபோது அக்காவின் போன் அடித்தது. லிஃப்ட் வீட்டுக்காரர். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அத்தான் நின்றுவிட்டார். தோளில் இருந்த சைக்கிளை இறக்கக்கூடத் தோன்றாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க, நாங்க வரல. வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

முட்டி என்ன ஆவது என்று அத்தான் கேட்டார். வலிப்பது இறங்கும்போதுதானே, இனிமேல் யார் நடந்து இறங்கப் போகிறார்கள் என்றாள் அவள். அப்படியும் அவர் நம்பவில்லை. அங்கே லிஃப்ட் இருக்கிறது, லேப்புக்கு எதிரிலேயே இருக்கிறது என்று அவளுடைய கட்சியை அவரே பேசினார்.

"இருந்து என்ன பண்றது? வாசல்ல இருந்து லேப் வரைக்கும் ஒரே சமதரைங்க" என்றாள் அக்கா.

அத்தான் சைக்கிளை மெதுவாக இறக்கி வைத்தார். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்போடு, விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அழுறதை அப்புறம் அழலாம். முதல்ல தூக்குங்க."